ஐந்தாவது பொட்டு

சிவக்குமாரின் அம்பாசடருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்பா வாங்கிய வண்டி, வெண்ணெய் நிறம். அதன் மேல் இருப்பது கம்பெனி பெயிண்ட், ஒரு சொட்டுகூட மேல்பூச்சு கிடையாது என்று நாமக்கல்லில் அவர் சொல்லாத ஆள் இல்லை. அவருடைய பண்ணைக்குக் கோழித்தீவனம் கொண்டுவருகிறவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்க வேண்டும்.

அப்படிப்பட்ட வண்டியின் பானெட்டில் ஆயுத பூஜையன்று அவர் மனைவி மைதிலி ஐந்து சந்தனப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் மேலும் குங்குமம் வைத்தாள். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். எட்டு நாள் வெயிலில் பொட்டு உதிர்ந்தது. கறை உதிரவில்லை.

வருகிற ஞாயிறு சேலம் அஸ்தம்பட்டியில் பழைய கார்களின் கண்காட்சி. சிவக்குமார் குதித்த குதியில் பண்ணைக் கோழிகள் முட்டையிட மறந்திருக்கும். "அறிவிருக்கா உனக்கு?" என்றும் கேட்டுவிட்டார். அன்றோடு மைதிலி பேச்சை நிறுத்தினாள். சாப்பாடு வந்தது, சத்தம் வரவில்லை. வருடா வருடம் முன் சீட்டில் உட்கார்ந்து கண்காட்சிக்கு வருகிறவள். பரிசு போனால் போகட்டும், அந்த சீட்டு காலியாகப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கறை போனால் கோபமும் போகும் என்று நம்பி, லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டரான அம்மாசியிடம் வண்டியைக் கொண்டுபோனார்.

அம்மாசி பஞ்சில் பாலிஷ் தொட்டு, குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல் தேய்த்தார். நான்கு கறைகள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஓரத்தில் இருந்த ஐந்தாவது அசையவில்லை. அம்மாசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"இந்த எடம் கம்பெனி பெயிண்ட் இல்லீங்க. கம்பெனில சூட்டுல வெச்சுக் காய வெப்பாங்க, கறை மேலயே நிக்கும். இது பட்டறைல அடிச்சது. குங்குமத்தக் குடிச்சிருச்சு."

"என்னங்கண்ணா சொல்றீங்க? எங்கப்பா யாரையும் தொட உட்டதில்லீங்க."

"அவருக்கே தெரியாதுங்க. கோழிக்கொட்டாய் கேட்டுல மோதிட்டு, அப்பா ஊருல இருந்து வாரதுக்குள்ள சரிபண்ணிக் குடுங்கன்னு ஒரு காலேஜ் பையன் அழுதுட்டு வந்தான். முட்டை லாரிக்கு அடிக்கிற வெள்ளைல ஒரு சொட்டு மஞ்சள் கலந்து நாந்தான் அடிச்சேன். முப்பத்தெட்டு வருசம் ஆச்சுங்க."

அந்தப் பையன் சிவக்குமார்தான். சுத்தமாக மறந்திருந்தார். மறந்ததோடு நிற்காமல் ஊரெல்லாம் பெருமை வேறு. அதற்காக மைதிலியைப் பேசிய பேச்சை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"சொரண்டிட்டு மறுபடி அடிச்சரட்டுங்களா? யாருக்கும் தெரியாது."

"வேண்டாங்கண்ணா. இருக்கட்டும்."

வண்டிச் சத்தம் கேட்டு மைதிலி வாசலுக்கு வந்தாள். பானெட்டைப் பார்த்தாள். நாலு நாள் கழித்து வாய் திறந்தாள்.

"போகலீங்களா?"

"அது போகாது. நான் இடிச்ச எடம். உன்னய வஞ்சது தப்பு, மைதிலி."

கேட்டில் மோதியது, அழுதது, அப்பாவிடம் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னார். சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை.

"கண்காட்சில கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

"இடிச்சேன்னு சொல்றேன்."

சிவக்குமார் உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்தார். அந்தக் கறையின் மேலேயே பார்த்து ஒரு பொட்டு வைத்தார். கோணலாக விழுந்தது. மைதிலி முந்தானை நுனியால் ஓரத்தைத் துடைத்து வட்டமாக்கினாள்.

"ஞாயித்துக்கெழமை எத்தன மணிக்குங்க கெளம்பறது?" என்றாள்.