சகலையும் ஆறாம் வேற்றுமையும்

அக்காவைக் கட்டியவர் வெல்டர், தங்கையைக் கட்டியவர் எலக்ட்ரீஷியன். துருக்கியில் ஒரே கம்பெனியில் வேலை. ஆனாலும் ஏதோ கல்யாணப் பேச்சில் வந்த மனத்தாங்கலில் சகலைகள் இருவரும் மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அன்று வேலையிடத்தில் வெல்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு எலக்ட்ரீஷியன்தான் கூடப் போனார். அங்கே பேசும் துருக்கி மொழி அவருக்குத்தான் கொஞ்சம் தெரியும். சாப்பாட்டு இடைவேளையில் நோட்டுப் போட்டுப் படித்தவர்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அவரிடம், "பொப்ரெயினி அலஜாஸ்" என்றார்.

எலக்ட்ரீஷியன் மனதுக்குள் பிரித்துப் பார்த்தார். பொப்ரெக், கிட்னி. 'இன்' வந்தால் உன்னுடைய. கடைசி 'இ' நம்ம 'ஐ' உருபு. அலஜாஸ், எடுப்போம். உன் கிட்னியை எடுப்போம்!

உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"அத்தானுக்கு என் கிட்னி வேணுமாம்."

"உங்க உடம்புங்க. நீங்க எது செஞ்சாலும் நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நம்பியிருந்தார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். நேரே டாக்டர் அறைக்குப் போய்ச் சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

டாக்டர் திருதிருவென்று விழித்து, தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார். விஷயத்தைக் கேட்ட அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, இந்தப் பாஷையில 'உன் கிட்னியை'ன்னாலும் 'அவனோட கிட்னியை'ன்னாலும் ஒரே சொல்லுதான். டாக்டர் சொன்னது அவரோடது. ஒண்ணு ரொம்ப நாளாவே கெட்டுக் கிடக்கு. எடுத்துட்டா வலி போயிடும். இன்னொண்ணு நல்லா வேலை செய்யுது."

"அப்போ என்னோடது?"

"உங்களோடது உங்ககிட்டயே இருக்கட்டும். முன்னப்பின்ன தெரியாதவரை டாக்டர் நீ, வான்னா பேசுவார்? உங்களோடதுன்னா, மரியாதையா 'பொப்ரெயினிஸி'ன்னு சொல்லியிருப்பாரே!"

போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். மறுபடி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் போனில் மனைவி சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்த வெல்டரின் காதுக்கு எல்லாம் போயிருந்தது.

"சட்டையைத் தூக்கிட்டு நின்னீங்களாமே?"

"ஆமா."

"பயமா இல்லையா?"

"உதறல்தான்."

வெல்டர் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். "ஏன் நிக்கிறீங்க? உட்காருங்க சகலை."

பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் இரண்டு தடவை வந்து சொல்லியும் பேச்சு ஓயவில்லை.