கிருதா எடுத்த செடி

முடிதிருத்துநருக்குத் தம் தலையில் முடி இல்லை. பிறர் சொல்லுமுன் அதனைத் தாமே சொல்லிச் சிரித்துவிடுவது அவர் வழக்கம். ஆயினும், சில மாத வேலையாக வெளியூர் புறப்பட்ட அக்காள் சொன்னபோது சுருக்கென்றது.

"உன் தலையையே காப்பாத்த முடியல, என் செடியையா காப்பாத்தப் போற? சரி, வச்சுக்கோ. நான் வர்றப்ப உசிரோட இருந்தா, இனிமே ஊருக்குப் போறப்ப வீட்டுச் சாவியும் உன்கிட்டதான்."

அதுவரை அச்சாவி எதிர்வீட்டுக்காரரிடமே இருந்துவந்தது. கூடப்பிறந்தவருக்கு அதைவிட வேறு தலைகுனிவு வேண்டுமா?

செடி ஆப்பிரிக்க வயலட். வெப்பக் காட்டுப் பாறையிடுக்கில் பிறந்த குலம். பூனைக்காது போன்ற மென்மயிர் இலைகள். நடுவே ஊதாப் பூக்கள். கடை சன்னலில் வைத்தார். அடியிலைகள் தொட்டி விளிம்பில் கலைந்த கிருதாவைப்போல் தொங்கின. கை சும்மா இருக்குமா? இடப்பக்கம் ஓரிலை நறுக்கினார். வலப்பக்கம் கூடுதலாகத் தெரிந்தது, அதையும் நறுக்கினார். மறுபடி இடப்பக்கம் உறுத்தியது. முடிவில் நீண்ட கழுத்தும் உச்சிக் குடுமியுமே மிஞ்சின.

நாற்காலியிலிருந்தவர் கண்ணாடியில் பார்த்துக் கலங்கினார். "அண்ணே, எனக்கும் இப்படித்தானா?"

"பயப்படாதீங்க, திரும்ப வளந்துடும்."

"உங்களுக்கு வளந்துச்சா?"

நறுக்கிய இலைகளைக் குப்பையில் போட்டால், கடை பெருக்கும் மனைவி கண்டு மறுநொடியே நாத்தனாருக்குப் போன் போடுவாள். ஆகவே அவற்றைக் காம்போடு ஒரு தண்ணீர்த் தம்ளரில் செருகிச் சீப்புகளுக்குப் பின்னால் ஒளித்தார். மனம் குறுகுறுத்தமையால் செடிக்கு ஓயாது நீர் ஊற்றினார். முன்பு முடி கொட்டியபோது தலையில் எண்ணெய் ஊற்றியதும் இப்படித்தான். பலனும் அப்படியே ஆயிற்று.

சில மாதங்கள் கழித்து அக்காள் வந்து நின்றாள். தொட்டியில் அழுகிய தண்டு.

"என்னை மாதிரியே ஆயிடுச்சுக்கா."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டாள்.

"நான்தான்கா வெட்டினேன். வெட்டி ஒளிச்சும் வச்சேன். இதோ பாரு," என்று தம்ளரை எடுத்து நீட்டினார். நீட்டியவர் தாமே திகைத்தார். காம்புகளில் வெண்ணிற வேர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எறும்புத்தலையளவில் புதுத்தளிர்.

அக்காளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "நீ கவனிச்சது செத்துடுச்சு. மறந்தது பொழச்சிருக்கு!"

"அப்ப சாவி?"

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "இதையும் சீப்புக்குப் பின்னாடியே போட்டு வை. பாத்துக்கறேன்னு மட்டும் கிளம்பிடாத."