ரஸ்கஸ் கொம்பில் நின்றவன்

கல்யாணச் செண்டிலிருந்து கிள்ளி வளர்த்த ஐவிக் கொடி ஒன்று, சியாயி ஊரின் கிழக்குச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பீஷியா வீட்டு ஜன்னலில் வருடக்கணக்காகச் சிரித்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த நாட்களில் முட்டை விலை ஏறியதுதான் பெரிய பேச்சாக இருந்தது. செண்டு எந்தக் காரியத்துக்கு வாங்கப்பட்டதோ அந்தக் காரியம் கொம்போடு கூடவே வந்துவிடும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போன செண்டிலிருந்து வளர்ந்த டிரசீனாச் செடிக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் அடிக்கும். பீஷியா தொட்டிக்கு ஈரத்துணி சுற்றிவிட்டு, வீட்டு முன்பக்கத்து வான்கோழிச் சோற்றுக்கடையைத் திறக்கப் போய்விடுவாள்.

பூ வாடினால் செண்டைக் குப்பையில் போடுவது ஊர் வழக்கம். இவள் பூவை விட்டுவிட்டு இலையைப் பொறுக்குவாள். வெயிலில் பிடித்து நரம்பைப் பார்ப்பாள், கசக்கி முகர்வாள், இன்னதென்று சொல்லிவிடுவாள். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டித் தண்ணீரில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். செண்டில் பச்சைக்காகச் செருகும் ரஸ்கஸ் ஒன்றுதான் அவளுக்குப் பிடிக்காது. அதில் இலை மாதிரி தெரிவது இலையே இல்லை, தண்டு தட்டையாகிப் போட்ட வேஷம். தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும், வேர் மட்டும் விடவே விடாது. "ஏமாத்துக்காரப் பய" என்று அதைத் திட்டுவாள்.

அவளுடைய ஒரே மகன் யூகாய், மழையில் ஸ்கூட்டரோடு லாரிக்கு அடியில் போனான். பெற்றவர்களை முந்திக்கொண்டு போவது அந்த ஊரில் குற்றம் என்பதால், தகப்பன் கோலெடுத்துச் சவப்பெட்டியை அடிக்க வேண்டும், தாய் பின்னால் போகக்கூடாது. அவள் புருஷன் ரொங்ஃபா அடித்தான். முதல் இரண்டு அடியும் பேருக்குத்தான். மூன்றாவது, எங்கிருந்து வந்த ஆத்திரமோ, மகனின் இடது தோள் இருந்த பக்கத்தில் பெட்டி அதிரும்படி விழுந்தது. வண்டி புறப்பட்டபோது சடங்குக் கூடத்தில் தனியாக நின்ற பீஷியா, மலர்வளையத்திலிருந்து ஒரு கொம்பைக் கிள்ளிச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து துரும்புகூட வீட்டுக்கு வரக்கூடாது. ஒட்டி வருவதை வழியிலேயே வீசிவிடத்தான் நாத்தனார் சூஷென் அவள் பையில் ஆலிலைகளைத் திணித்திருந்தாள். வீடு திரும்பும் வழியில் தெருமுக்கு வந்ததும் பீஷியா ஆலிலைகளை முறைப்படி வீசினாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். சட்டைக் கைக்குள் இருந்தது வீட்டுக்குள் வந்துவிட்டது. கை பழக்கத்தில் அதைச் சாய்வாக வெட்டிக் குவளையில் வைத்த பிறகுதான் பார்த்தாள். அது ரஸ்கஸ்.

மறுநாள் காலை, குவளைக்குப் பக்கத்தில் யூகாய் நின்றுகொண்டிருந்தான். சுவர் அவன் ஊடே கொஞ்சம் தெரிந்தது. இடது தோளை வலது கையால் பிடித்திருந்தான். பீஷியா ஓவென்று அழுதாள், பிறகு சோறு வைத்தாள். ரொங்ஃபா அந்தத் தோளைப் பார்த்தான், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டான்.

பூசாரி வந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "வேர் விட்டா வீட்டோட இருந்துடுவான். வாடினா நிம்மதியா போயிடுவான். ரெண்டும் இல்லேன்னா நான் என்னம்மா பண்றது?" வேர் பிடிக்கட்டும் என்று பீஷியா வில்லோக் குச்சி ஊறின தண்ணீர் ஊற்றினாள், ஆஸ்பிரின் கரைத்து ஊற்றினாள். நடக்காது என்று அவளுக்கே தெரியும். கோடை போய்ப் புயல் காலம் வந்தது. கொம்பு அப்படியே இருந்தது, அவனும் அப்படியே நின்றான், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி.

"அண்ணி, பெத்த வயிறு கேக்காதுதான். அதுக்காகப் புள்ளைய இப்படிக் கட்டிப்போடலாமா?" என்று சூஷென் அழுதாள்.

"தூக்கிப் போட்டுத் தொலை" என்றான் ரொங்ஃபா, சுவரைப் பார்த்தபடி.

"நீயே தூக்கிப் போடேன். அடிச்ச கைதானே?"

பீஷியா கொம்பை வெட்டிப் போடக் கத்தரிக்கோலை எடுப்பாள், திரும்ப வைப்பாள். ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம், யூகாய் முதன்முதலாக வாய் திறந்தான். "அம்மா, காலு வலிக்குது."

ரொங்ஃபா எழுந்தான். கொம்பைத் தண்ணீரிலிருந்து உருவிக்கொண்டு வெளியே நடந்தான். தோளைப் பிடித்தபடி மகன் பின்னால் போனான். மீன் உருண்டை விற்பவர்கள் வழி விட்டார்கள். பீஷியா வாசலில் நின்றாள், தடுக்கவில்லை. ஆலிலை வீசும் முக்கில் ரொங்ஃபா கொம்பை வீசக் கையை ஓங்கினான். ஓங்கிய கையைப் பார்த்ததும் யூகாய் குனிந்துகொண்டான், சின்ன வயதில் குனிவது போலவே.

ரொங்ஃபா கையை இறக்கினான். பிறகு திரும்பி வந்து, குவளையில் புதுத் தண்ணீர் பிடித்துக் கொம்பை வைத்தான். கடையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான்.

"ஏண்டி, இத்தனை மாசமா நிக்க வெச்சிருக்கியே, ஒரு நாற்காலி போடணும்னு தோணலியா?" என்றான். பிறகு மகனிடம், "உக்காருடா. காட்டு, எங்க வலிக்குது?"

யூகாய் உட்கார்ந்தான்.

கொம்பு இன்றுவரை வேர் விடவில்லை. ரொங்ஃபா தினமும் தண்ணீர் மாற்றுகிறான். கடை மூடிய பிறகு மகனின் தோளில் தைலம் தேய்க்கிறான். கைக்கு ஒன்றும் தட்டுப்படுவதில்லை. ஆனால் தேய்த்த தைலம் கையில் மிஞ்சுவதில்லை, புட்டி சீக்கிரமே தீர்ந்துபோகிறது.