கம்பத்தை விட்டு இறங்கிய வெளிச்சம்

பழுதுபார்க்கவென்று கழற்றிப் பதுளைக்குக் கொண்டுபோன அபாயச் சங்கு, ஐப்பசி மழை விடாமல் அடித்த ஒரு முற்பகலில், தான் இல்லாத கம்பத்திலிருந்து ஊளையிட்டது. ஊசிக்கல் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் அதைக் கேட்காத காது இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையின் தகரக் கூரைகள் அதிர்ந்தன. கோழிகள் பறந்துபோய்த் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தன. பிள்ளை மடுவத்தில் தொட்டிலில் கிடந்த குழந்தைகள் மட்டும் அழவில்லை. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தன. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை அந்த மடுவத்தில் பார்த்துக்கொள்பவள் ஜெயலெட்சுமி. சங்கு எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பசறையில் கடை வைத்திருக்கும் மொஹிதீன் நானா, அது பதுளையில் ஒரு மேசைக்கு அடியில் துண்டு துண்டாகக் கிடப்பதைக் கண்ணால் கண்டு வந்து சொல்லியிருந்தார். அதனால் வாசலுக்கு ஓடி வந்தவள் கம்பத்தின் பக்கம் திரும்பவே இல்லை. மலையைப் பார்த்தாள்.

கம்பம் வந்த கதை பெரிய கதையில்லை. மீரியபெத்தவில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, அதிகாரிகள் ஜீப்பில் வந்து மலையைச் சுற்றிப் பார்த்து, ஊசிக்கல்லும் ஒருநாள் இறங்கும் என்று சொல்லி, லயத்துக்கு மேலே ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே சங்கு. மழை அளவுக்கு மீறினால் விளக்கு எரியும், சங்கு ஊதும், உடனே எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். வீடு எப்போது என்று கேட்டதற்கு, முதலில் விளக்கு என்றார்கள். முதல் வருஷம் பனிமூட்டத்துக்கெல்லாம் விளக்கு எரிந்தது. சனம் பிள்ளைகுட்டியோடு ஓடியது. அடுத்த வருஷம் பாதிப் பேர் ஓடினார்கள். அதற்கடுத்த வருஷம் ஓடினவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு குளவி கூடு கட்டி இரண்டும் கெட்டுப்போக, யாரோ வந்து ஏணி போட்டு ஏறி, கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். விளக்கு போய்விட்டது. வெளிச்சம் போகவில்லை. கண்ணாடியும் இல்லாமல், வயரும் இல்லாமல், கம்பத்து உச்சியில் அது பாட்டுக்கு நின்று எரிந்தது.

ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் பழகிப்போனது. பஸ் டிரைவர்மார் அதைக் குறி வைத்துக் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினார்கள். மொஹிதீன் நானா கடை திறந்ததும் மலையைப் பார்ப்பார். வெளிச்சம் தெரிந்தால் மூட்டம் இல்லை, தோட்டத்துச் சனம் இறங்கி வரும் என்று இன்னொரு மாவு மூட்டையைப் பிரிப்பார். கொழுந்தெடுப்பவர்களில் மூத்தவளான பெரியாயி கம்பத்துக்குச் சந்தனம் பூசி, கார்த்திகைக்குப் பொரி உருண்டை வைத்தாள். அவளுடைய ஆடு இரட்டைக் குட்டி போட்ட பிறகு மற்றவர்களும் வைத்தார்கள். காதலித்தவர்கள் அதனடியில் சந்தித்தார்கள், குடித்தவர்கள் அதைப் பார்த்து வீடு சேர்ந்தார்கள். தேர்தலுக்கு வந்த இரண்டு பேர், அது தாங்கள் வாங்கித் தந்த லைட் என்று ஆளுக்கொரு மேடையில் சொன்னார்கள். இரண்டு கூட்டத்திலும் கைதட்டினார்கள். எல்லாவற்றுக்கும் அது உதவியது. ஓடுவதற்கென்று மட்டும் யாரும் அதைப் பார்க்கவில்லை.

இந்த ஐப்பசியில்தான் வெளிச்சம் கம்பத்தை விட்டு இறங்கியது. அவசரப்படவில்லை. காலையில் ஒரு வரிசைச் செடி, மாலையில் ஒரு வரிசை என்று தேயிலைக்கு மேலாக மிதந்து வந்தது. மலையைச் சுற்றிப் பார்க்க வரும் தோட்டத் துரைக்கு வழி விடுவதைப் போலப் பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்றார்கள். கடைசியில் அது, காலையில் ஆட்கள் வரிசை கட்டிப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தை ஒட்டியிருந்த பிள்ளை மடுவத்தின் கூரைக்கு மேல் வந்து நின்றது, அப்புறம் நகரவில்லை. பகலிலும் குழந்தைகளின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. மடுவத்துச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்து, விரல் நுழையும் அளவுக்கு அகன்றது. லயத்துக்குத் தண்ணீர் தரும் பீலியில் முதலில் செம்மண் கலங்கி வந்தது. பிறகு, கொட்டுகிற மழையில், பீலி வறண்டுபோனது.

ஜெயலெட்சுமி புருஷனிடம் சொன்னாள். வீரய்யா அந்தப் பிரிவின் கங்காணி. காலையில் களத்தில் ஆட்களின் பெயரைக் கூப்பிடுவது அவன்தான்.

"லைட்டு நம்ம மடுவத்து மேல வந்து நிக்குதுங்க. சொவத்துலயும் வெடிப்பு விழுந்திருக்கு."

"கரண்டு பில்லு கட்டாத லைட்டு, எங்க வேணாலும் நிக்கும். தொட்டிலுக்கு வெளிச்சம்னு நெனச்சுக்க," என்று சிரித்தான். ஆனால் சோற்றில் கை வைத்தவன் பாதியில் எழுந்துபோய், வறண்ட பீலியடியில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகுதான் சங்கு ஊதியது. ஊதியதும் சனம் ஓடியது உண்மை. ஓடிய இடம்தான் கோளாறு. பாட்டன் பூட்டன் காலத்தில் பறை அடித்தால் பெரட்டுக் களம், கொம்பு ஊதினால் பெரட்டுக் களம். சாவு விழுந்தாலும் வேலைநிறுத்தம் என்றாலும் அதே களம். பெரிய சத்தம் ஒன்று கேட்டால் அவர்களுடைய கால்களுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். விடியலில் கொடுத்த பெயரை அங்கே நின்று மறுபடி கொடுத்தால்தான் அன்றைய நாள் நாளாகும். பெயர் விழாதவர் அன்று வேலைக்கே வராதவர், பிந்தி வந்தவருக்கு அரைப் பேர், அரை நாள் கூலி. கூடையோடும், நனையாதிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடும் ஓடி வந்து, நனைந்தபடி வரிசை கட்டி நின்றார்கள். அவர்களுக்கு நேர் மேலே மலை.

ஜெயலெட்சுமி ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு, நடக்கிறதுகளைச் சேலையைப் பிடிக்கச் சொல்லி, மற்றதுகளைத் தாய்மார் கையில் திணித்தாள்.

"இங்க நிக்காதீங்க! பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!"

"ஏண்டி, பேரு போடாம எங்க ஓடச் சொல்ற?" என்றாள் வரிசையின் முதலில் நின்ற பெரியாயி. "ஒம் புருசன் வந்து எங்க வீட்டு அடுப்ப எரிப்பானா?"

நாலு பேர் சிரித்தார்கள். காலுக்கடியில் களம் லேசாக நெளிந்தது. மழையில் மண் இளகுகிறது என்று நினைத்து இடம் மாறி நின்றார்கள். ஜெயலெட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது, மலையைச் சொல்லி இவர்களை அசைக்க முடியாது என்று.

"இன்னைக்கு இங்க பேரு இல்ல! மேல பள்ளிக்கூடத்துலதான் போடுறாங்க! பிந்தினா அரைப் பேருதான்!"

வரிசை முழுவதும் வீரய்யாவின் பக்கம் திரும்பியது. பெயர் கூப்பிடுகிறவனுக்குத் தெரியாமல் பெயர் ஏது? அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். காரணமில்லாமல் பொய் சொல்கிறவள் இல்லை அவள் என்பது அவனுக்குத் தெரியும். மடுவத்துக்கு மேல் நின்ற வெளிச்சத்தைப் பார்த்தான்.

"ஆமா, மேலதான். வாயப் பாத்துக்கிட்டு நின்னா அரைப் பேரு!" என்று அதட்டினான்.

வரிசை உடைந்தது. துரையையும் துரையின் பரம்பரையையும் திட்டிக்கொண்டே சனம் மேட்டில் ஏறியது. பெரியாயி எல்லோருக்கும் முன்னால் போனாள்.

"நீங்களும் வாங்க," என்றாள் ஜெயலெட்சுமி.

"ஏழாம் நம்பர் மலையில கொழுந்தெடுக்கிற ஆளுங்க இன்னும் வரல. வந்தா இங்கதான வந்து நிப்பாங்க? வழி சொல்ல ஒரு ஆளு வேணாமா? நீ பிள்ளைகளக் கொண்டு போ, ஜெயா."

பாதி மேட்டில் அவள் திரும்பிப் பார்த்தாள். மூட்டம் களத்தை மூடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் மடுவத்துக் கூரையை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டிருந்த வீரய்யாவின் தலைக்கு நேரே நின்றது. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வந்தோம் என்று ஏழாம் நம்பர் மலை ஆட்கள் பிறகு சொன்னார்கள். அவர்களில் கடைசி ஆள் பள்ளிக்கூடத்துப் படியில் கால் வைத்தபோது, லாரிகள் வரிசையாகக் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மூட்டம் விலகியபோது களம் இல்லை, மடுவம் இல்லை, லயம் இல்லை. செம்மண்ணுக்கு மேல் வெளிச்சம் மட்டும் நின்றது.

யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்க வேண்டுமே, யார் பெயர் கூப்பிடுவது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் விழித்தபோது, மண்ணுக்கடியிலிருந்து வீரய்யா கூப்பிட்டான். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, மற்றபடி அதே குரல். ஒவ்வொருவராக "இருக்கேங்க" என்றார்கள். மடுவத்துக்காரியின் பெயர் பெரட்டில் கிடையாது. அன்று அதையும் கடைசியாகக் கூப்பிட்டான். அவள் கீழே பார்த்து, "இருக்கேங்க" என்றாள்.

குரல் வந்த இடத்தில் இராணுவம் நாள் கணக்கில் தோண்டியது. தோண்டத் தோண்டக் குரல் ஆழத்துக்குப் போனது. எதிரொலி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் தினமும் விடியலில், பெரட்டு நேரத்துக்கு, வீரய்யா பெயர் கூப்பிட்டான். சனம் பதில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனது. வெளிச்சம் மண்மேட்டில் ஒரே இடத்தில் நின்றது. புது வீடு தைக்கு என்றார்கள், பிறகு சித்திரைக்கு என்றார்கள். அடுத்த ஐப்பசி பிறந்தபோதும் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில் சேலை கட்டி மறைத்துத்தான் குடும்பங்கள் இருந்தன. பழுதுபார்த்த சங்கு பெயின்ட் பூசிப் பளபளப்பாக வந்து பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஏறியது. அது ஒரு சத்தமும் போடவில்லை.

மழை மறுபடியும் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், மொஹிதீன் நானா கடையைத் திறந்து வழக்கம்போல மலையைப் பார்த்தார். வெளிச்சம் மண்மேட்டில் இல்லை. பள்ளிக்கூடத்துக் கூரையில் நின்றது. அரிசி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டு அவர் மேலே வந்தபோது, முற்றத்தில் பெரியாயி ஆட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் சட்டிபானையைச் சாக்கில் கட்டினார்கள். ஒருவரும் அவசரப்படவில்லை. ஜெயலெட்சுமி பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, சேலைத் தலைப்பைப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, மூட்டை கட்டுறீங்க? ஊடு தந்துட்டாங்களா?"

அவள் கடைசிப் பிள்ளையின் கையையும் தலைப்பில் சேர்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இல்ல நானா. இன்னைக்கு அவரு யாரு பேரையும் கூப்பிடல. இன்னும் மேல போங்கன்னு மட்டும் சொன்னாரு."