துணைவியின் கையெழுத்து

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். என் மேஜைக்கு வந்த விடுப்புக் கடிதங்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். அப்பாவின் கையெழுத்தைப் பிள்ளையே போட்டானா, அவனுக்காக அக்கா போட்டாளா என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். ஆளை எதிரில் நிறுத்திக் கேட்டால் இன்னும் சுலபம். பொய் சொல்கிறவர்களுக்குப் பதில் அவசரமாக வரும், நான் கேள்வியை முடிப்பதற்குள் வந்துவிடும். தலைமை ஆசிரியரே என்னை 'சந்தேகம் சார்' என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அதில் பெருமைதான்.

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது விருப்பப் படிவம் வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் டிக் அடித்தால் மாதாமாதம் முழு ஓய்வூதியம். எனக்குப் பிறகு அதில் பாதி என் மனைவிக்கு, அவள் இருக்கும்வரை. இரண்டாவதில் அடித்தால் பெரிய தொகை ஒன்று உடனே கைக்கு வரும். ஆனால் மாதம் வருவது குறைந்துபோகும், எனக்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் கிடையாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கீழே துணைவியின் கையெழுத்து வேண்டும். அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

அதே வாரம் என் மச்சினன் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். வருடத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கிறவன் ஒரே வாரத்தில் மூன்று தடவை வந்தான், அதுவும் ஆப்பிளோடு. நான் உள்ளே நுழைந்தால் அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"உடம்பு எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான்.

"ஏன், எப்படி இருக்கணும்?"

"இல்ல மாமா, சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்கிறவன் ஆப்பிள் வாங்கி வர மாட்டான். அவன் வைத்திருப்பது ஹார்டுவேர் கடை. பக்கத்துக் கடையையும் சேர்த்துப் பெரிதாக்கப் போகிறான் என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. என் பணத்தின் மேல் கண் வைத்துவிட்டான், இவளும் அதற்கு உடந்தை என்று முடிவு கட்டினேன்.

முடிவு கட்டினால் போதுமா? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? இரண்டாவது கட்டத்தில் பேனாவாலேயே டிக் அடித்து அவளிடம் நீட்டுவது என்று திட்டம். முகம் மலர்ந்தால் தம்பியோடு கூட்டு. மறுத்துப் பேசினால், நான் எப்போது கண்ணை மூடுவேன் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்வாள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எங்க போடணும்?" என்றாள். கையைத் துண்டில் துடைத்துவிட்டுக் காட்டிய இடத்தில் போட்டாள். காகிதத்தின் ஓரத்தில் ஈரக் கட்டைவிரல் பதிந்தது.

"படிக்கலையா?"

"கண்ணாடி உள்ள இருக்கு. நீங்கதான் படிச்சீங்களே."

மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலரவும் இல்லை, மறுக்கவும் இல்லை, இது என்ன கணக்கு? யோசித்து யோசித்துக் கடைசியில் புரிந்துவிட்டது. தம்பி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறான். சரி, அந்தக் கட்டமே இருக்கட்டும், பணம் வந்ததும் யார் கை நீளுகிறது என்று பார்த்துவிடலாம் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

படிவம் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று ஓய்வூதிய அலுவலகத்துக்கு இருவரும் நேரில் போக வேண்டும் என்றார்கள். போனோம். கவுண்டரில் இருந்த அம்மாள் படிவத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருடம் நான் பிறரைப் பார்த்த பார்வை அது.

என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார். "நீங்க படிச்சுப் பாத்துதான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

"அவர் படிச்சாரு."

"நான் உங்களத்தான் கேக்கறேன். சாருக்கு அப்புறம் உங்களுக்கு ஒரு காசும் வராது."

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். என் முகத்தில் எதையோ தேடினாள். நான் மேஜை மேலிருந்த ஸ்டாம்ப் பேடைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரி..."

"தெரியும்" என்றாள்.

கேள்வி முடியவில்லை, பதில் வந்துவிட்டது.

ஆயிரம் பொய் கேட்டவன் நான். எல்லாம் அவரவர் தப்பித்துக்கொள்ளச் சொன்னவை. இவள் என்னைத் தப்பவைக்கச் சொன்னாள், முன்பின் தெரியாதவர் எதிரில் என் மானம் போகக் கூடாது என்று. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு அப்படி ஒரு வெட்கம் பட்டதில்லை.

"மேடம், வேற படிவம் குடுங்க. கட்டம் மாறிப்போச்சு."

"மாறிப்போச்சா?" என்றார் அந்த அம்மாள். ஆனாலும் கொடுத்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் தம்பி எதுக்கு வந்து வந்து போனான்?"

"கடையப் பாத்துக்க நம்பிக்கையான ஆள் வேணுமாம். உங்களக் கேக்கலாமான்னு என்னக் கேட்டுட்டு இருந்தான். உங்ககிட்ட நேரா கேக்க பயம்."

நம்பிக்கையான ஆள். படிவத்தை அவள் மடியில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன்.

"இங்க போடு."

பேனாவை வாங்கினாள். அதைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.