பயந்தால் என்ன செய்வார்?

மாஸ்டர் பட்டம் விடக் கற்றுக்கொள்ளப் போகிறார் என்ற செய்தி தெருவுக்கு வந்தபோது, ஏதோ காகிதப் பட்டம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இந்த வயசில் மொட்டை மாடியில் நின்று நூல் விடப் போகிறாராக்கும் என்று சிரிப்பு. அப்புறம்தான் தெரிந்தது, இது வேறு பட்டம். ஒரு அறை அகலத்துக்குத் துணி, அதிலிருந்து இறங்கும் கயிறுகள், கயிறுகளின் முனையில் ஒரு கம்பு. அந்தக் கம்பைப் பிடித்து, இடுப்பில் பெல்ட் மாட்டி, காலில் பலகையைச் சொருகிக்கொண்டால், காற்று இழுத்த இழுப்புக்கு ஆள் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போகலாமாம்.

"அந்த உடம்பை இழுக்கணும்னா காத்துக்கே மூச்சு வாங்குமே" என்றார் தையல்கடைக்காரர்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள். மீதிப் பேர் அவரிடம் கற்கப் போய், அழுதுகொண்டே திரும்பி, ஆயுசு முழுக்க பஸ்ஸில் போகிறவர்கள். "ரோட்டைப் பாரும்மா. புருஷன் மூஞ்சி மாதிரிதான், பிடிக்கலேன்னாலும் பாத்துத்தான் ஆகணும்" என்பார் ஒருத்தியிடம். "கிளட்சை மிதிக்கிறியா, கரப்பான்பூச்சியை மிதிக்கிறியா?" என்பார் இன்னொருவரிடம். பின்சீட்டில் காத்திருப்பவர்கள் சிரித்தாக வேண்டும். அடுத்தது அவர்கள் முறை என்பதால் நன்றாகவே சிரிப்பார்கள்.

அவர் மனைவிக்குப் பெயர் இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் யார் கூப்பிட்டார்கள்? மாஸ்டர் வீட்டம்மா என்றே பழகிவிட்டது. ஸ்கூல் ஆபீஸில் முன்மேஜை அவளுடையது. போன் எடுப்பது, பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது, அழுதுகொண்டு இறங்கி வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான். வண்டி மட்டும் ஓட்டத் தெரியாது. "வீட்டுக்கு ஒரு ஸ்டீயரிங் போதும்" என்று கல்யாணமான புதிதிலேயே மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

மாஸ்டருக்கு முன்னாலேயே கடற்கரைக்குப் போனவள் அவள்தான், அதுவும் தற்செயலாக. அவள் தங்கைக்குப் பட்டப் பலகை மோகம் வந்து, துணைக்கு ஆள் தேவைப்பட்டது. அங்கே கோச் ஒரு பெண். வெயிலில் காய்ந்த மிளகாய் மாதிரி இருப்பாள், தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பாள். புதிதாக வருகிறவர்களைத் தண்ணீரில் இறக்குமுன் அவளுக்கு ஒரு வழக்கம். கற்றுக்கொள்ள வந்தவரை விட்டுவிட்டு, கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பாள்.

"பயந்தா இவங்க என்ன பண்ணுவாங்க?"

தன் பயம் தனக்குத் தெரியாது, கூட இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும் என்பது அவள் கட்சி. ஒருவர் பயந்தால் சிரிப்பார், இன்னொருவர் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குத் தகுந்த மாதிரிப் பாடம் நடத்துவாள். தங்கைக்குக் கடல் இரண்டே நாளில் சலித்துவிட்டது. ஆனால் துணைக்கு வந்த அக்காள் கரையைவிட்டு நகரவில்லை. அக்காள் கற்றுக்கொள்ள, தங்கை துணைக்கு என்று இடம் மாற்றிக்கொண்டார்கள். கோச் கேட்ட கேள்விக்குத் தங்கை யோசிக்காமல் சொன்னாள்: "எங்கக்கா பயந்தா வாயே திறக்க மாட்டா. செத்தாலும் சத்தம் வராது."

அதனால் கோச் அவளைக் கத்தவைத்தாள். மணலில் சின்னப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, "கத்துங்கக்கா! பட்டம் சாயுதுன்னா சாயுதுன்னு கத்துங்க!" முதல் நாள் ஒரு எலிக்குஞ்சுச் சத்தம் வந்தது. வாரம் போகப் போக, மீன் ஏலக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. கடல் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தாள். பலகை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகக் கிடந்தாள். ஒரு மாலையில் திடீரென்று பலகைமேல் கால் நின்றது. மூச்சை இழுத்து விடுவதற்குள் மறுபடி விழுந்தாள் என்பது வேறு விஷயம். ஆனால் நின்றாள்.

இந்த வித்தையில் அடிப்படை ஒன்றே ஒன்று. கம்பைத் தன் பக்கம் இழுத்தால் பட்டத்துக்கு வெறி பிடிக்கும். கம்பை விட்டுவிட்டால், திட்டு வாங்கிய நாய் மாதிரி அடங்கிவிடும். ஆபத்து என்றால் விட வேண்டும். கோச் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னக்கா என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

ஒன்றுமில்லாமல் இல்லை. மாஸ்டரின் கையை அவள் நினைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யாரோ முட்டாள்தனம் செய்யும்போதெல்லாம் ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுத்து இழுத்து, அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாமல் போயிருந்தது. பயந்தால் இழுக்கும். மாடிப்படியில் அவர் கால் வழுக்கியபோது அவள் பின்னலை இழுத்தது. ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது எதிரே லாரி வந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் இல்லாத குறைக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. மணிக்கட்டு வீங்கிப்போனது. "பாரேன், எவ்வளவு பாசம்! ஆபத்துன்னதும் பொண்டாட்டி கையைத்தான் பிடிக்கிறார்" என்று எதிர் சீட்டுக்காரி உருகினாள். அவருக்குத் தன் கை இப்படி என்று தெரியவே தெரியாது. சொன்னால் நம்பவும் மாட்டார்.

இந்த நிலையில்தான் கோச் அவளிடம் கேட்டாள்: "அக்கா, என்கூடவே இருந்துடுங்களேன். புதுசா வர்றவங்களுக்குக் கயிறு பிரிச்சுப் போடணும், பெல்ட் மாட்டிவிடணும். உங்களை மாதிரி பொறுமையான ஆள் எனக்கு வேணும்."

அன்று ராத்திரி அவள் சாதம் பரிமாறும்போது விஷயத்தை எடுத்தாள். மாஸ்டர் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். மறுநாள் ஆபீஸில், கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பித்தார்.

"கேட்டீங்களா சேதி? நம்ம வீட்டம்மா பறக்கப் போறாங்க. சைக்கிள்ல ஏறினா சைக்கிளே அழும், இவங்க கடல்ல சவாரி பண்றாங்களாம். அதுல வேலை வேற குடுக்கறாங்களாம்!"

பெஞ்சு சிரித்தது.

"அது ஒண்ணும் லேசு இல்லைங்க" என்றாள் அவள். குரல் கொஞ்சம் பலமாகவே வந்தது. கடற்கரைப் பழக்கம்.

மாஸ்டருக்கு அது புதுசு. "லேசு இல்லையா? நானும் வர்றேன். தண்ணியில இந்த மிதவையிலிருந்து அந்த மிதவை வரைக்கும் யார் முதல்ல விழாம போறாங்கன்னு பாப்போம். நான் போயிட்டேன்னா அந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்கக் கூடாது, இந்த மேஜைதான். நீ போயிட்டேன்னா அங்கேயே வேலைக்குப் போ, நானே கொண்டுவந்து விடறேன். இத்தனை பேர் சாட்சி."

இத்தனை பேர் சாட்சி என்றதும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் முகத்தைச் சாட்சி மாதிரி வைத்துக்கொண்டார்கள்.

கடற்கரைக்கு அவர் வந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி, புது அரை டிராயர், பின்னால் வேடிக்கை பார்க்க இரண்டு சிஷ்யர்கள். கோச்சை மேலும் கீழும் பார்த்து, "பாப்பா, சுருக்கமாச் சொல்லு, நானும் வாத்தியார்தான்" என்றார். அவள் சொன்ன எதற்கும் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினார். வண்டியில் தன்னிடம் அப்படி யாராவது தலையாட்டினால் இறக்கிவிட்டிருப்பார்.

கோச் வழக்கப்படி வீட்டம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். கூப்பிட்டது என்னவோ தனியாகத்தான். மாஸ்டர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்து நின்றார்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. பயந்தா சார் என்ன பண்ணுவார்?"

வீட்டம்மா கணவனின் கையைப் பார்த்தாள். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இழுப்பார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இழுக்கிறவர்களுக்கு கோச் கைக்குட்டை மாதிரி குட்டிப் பட்டம்தான் கொடுப்பாள். பெல்ட்டின் முதுகுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பழக்கம் போகிறவரை கூடவே நடப்பாள். அதை இவளே பார்த்திருக்கிறாள். பத்திரமாக, மெதுவாக, அவரும் ஒரு நாள் கற்றுக்கொண்டுவிடுவார். கற்றுக்கொண்டால் மேஜை.

"அவரா? அவர் எதுக்கும் பயப்படவே மாட்டார்" என்றாள்.

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிஷ்யர்களைத் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டு எத்தனை காலமாயிற்றோ!

கோச் அவருக்குப் பெரிய பட்டத்தையே கொடுத்து மணலில் நிறுத்தினாள். முதலில் எல்லாம் நன்றாகவே போனது. காற்று மெதுவாக இருந்தது, பயப்பட ஒன்றுமில்லை. வண்டியைப் போல பட்டத்தையும் இடது வலது திருப்பினார். "பாத்துக்கோடா, எல்லாம் ஸ்டீயரிங்தான்" என்று சிஷ்யர்களுக்கு விளக்கம் வேறு. கோச் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றாள். "விடு பாப்பா, குழந்தையை நடக்கவைக்கிற மாதிரி!" என்றார். கோச் வீட்டம்மாவைப் பார்த்தாள். கேட்கிற பார்வைதான் அது. வீட்டம்மா சிரித்து, விடுங்க என்பதுபோல் தலையசைத்தாள். கோச் விட்டாள்.

கொஞ்சம் தள்ளி கடல் நுரைத்தது. காற்று ஒரு வீச்சு வீசியது, அவ்வளவுதான். பட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து அவரை முன்னால் இழுத்தது. இரண்டு அடி ஓடினால் சரியாகியிருக்கும்.

"விடுங்க சார்! கம்பை விடுங்க!"

கை இழுத்தது. மார்போடு சேர்த்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தது. பட்டம் உறுமிக்கொண்டு எழும்பியது. மாஸ்டரின் கால்கள் மணலைவிட்டுக் கிளம்பின. பட்டம் நிற்கவில்லையே என்று இன்னும் இழுத்தார். சிஷ்யர்களில் ஒருவன் தன்னை மறந்து கைதட்டிவிட்டான். ஆள் ஒரு மரத்து உயரம் போய், துணி மூட்டை மாதிரி ஈர மணலில் வந்து விழுந்தார். விழுந்தும் கை விடவில்லை. தரதரவென்று இழுபட்டு அலை தடுக்கப் போட்ட பாறைகளுக்குக் கிட்டே போனபோது கோச் அவர் மேலே விழுந்து, பெல்ட்டிலிருந்து பட்டத்தைக் கழற்றிவிடும் சிவப்புக் கொக்கியைப் பிடுங்கிவிட்டாள்.

வீட்டம்மாதான் அடுத்து ஓடிப்போனாள். அவள் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

இரண்டு மணிக்கட்டும் முறிவு. தோள் ஒன்று இறங்கிவிட்டது. இரண்டு கைக்கும் முழங்கைவரை மாவுக்கட்டு போட்டு, ஒட்டடைக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு படுத்திருந்தார். பார்க்க வந்த தெரு மொத்தத்துக்கும் ஒரே கதைதான். "காத்து என்னைத் தூக்குது, அப்பவும் கம்பை விடலையே நான்! என் பொண்டாட்டியைக் கேளுங்க. அவதான் ஓடி வந்தா. மத்தவனெல்லாம் வேடிக்கை பாத்தான்." வந்தவர்கள் வெளியே வந்துதான் சிரித்தார்கள், அந்த மட்டில் மரியாதை இருந்தது. "போட்டியில நான்தான் தோத்தேன், ஒத்துக்கறேன். வேலைக்குப் போகட்டும். சொன்ன சொல் தவற மாட்டேன்" என்றும் சொன்னார். வலி மாத்திரையின் தாராளம் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கோச் காத்திருந்தாள். ஆப்பிள் பை கையிலேயே இருந்தது. உள்ளே போகவில்லை.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்ல?"

வீட்டம்மா தரையைப் பார்த்தாள். பொய் சொல்லலாம். கத்தப் பழகியவளுக்குப் பொய் பெரிய காரியமா? ஆனால் இவளிடம் வரவில்லை.

"தெரியும்."

"நான் திரும்பிப் பாத்தப்பவும் தெரியும்."

"ம்."

கோச் பையின் காதை முறுக்கினாள். "உங்களை நம்பி நான் கையை விட்டேங்க்கா. நாளைக்கு இன்னொருத்தர் பெல்ட்டை உங்க கையில எப்படிக் குடுப்பேன்?"

"அவர் என்னை என்ன பாடு படுத்தினாருன்னு..."

"இருக்கும். எனக்குத் தெரிய வேண்டாம்." ஆப்பிள் பையை அவள் கையில் திணித்தாள். "கடலுக்கு வராதீங்கன்னு நான் சொல்ல முடியாது, அது எங்கப்பன் வீட்டுச் சொத்தில்ல. என் ஷெட்டுக்கு மட்டும் வராதீங்க."

அவள் படியிறங்கிப் போவதை வீட்டம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

உள்ளே போனபோது மாஸ்டர் புருவத்தை நெரித்துக்கொண்டு கிடந்தார்.

"எங்க போயிட்டே? ஸ்கூலுக்கு வேற மாஸ்டர் பாக்கணும், என் அக்கா நாளைக்கு வந்துடறா, வீட்டை அவ பாத்துப்பா. இந்தக் கட்டு பிரிக்கிறவரைக்கும் நீதான் ராத்திரி பகலா இங்க இருக்கணும். அப்புறம் போ கடலுக்கு, யார் வேணாங்கறா? அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல மூக்கைச் சொறி. உசுர் போகுது."

அவள் ஆப்பிளை ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்து விரலை வைத்தாள்.

"அங்க இல்ல. இடது பக்கம். கொஞ்சம் மேல. மெதுவா. சொறியத் தெரியாதா உனக்கு?"