பங்குனியில் குற்றாலக் குளியல்

பத்திர எழுத்தர் சிவசைலம் பிள்ளை சனிக்கிழமை மூன்று மணிக்குத் தோளில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாகப் படியிறங்கினால், எதிர்வீட்டு ஆவுடைத்தாய் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறாராம். மாதமோ பங்குனி. அருவி நின்று, பாறை காய்ந்து, குரங்குகளே தண்ணீருக்கு அலைகிற நேரம்.

இதற்கு முன் இரண்டு வருஷமாக அவர் சனிக்கிழமைதோறும் ஆரியங்காவு சாஸ்தாவைக் கும்பிட ரயிலேறியதும் தென்காசியில் அந்தத் தெருவுக்குத் தெரியும். இந்தப் பக்கம் மதுவிலக்கு. மலையைத் தாண்டினால் கேரளம், அங்கே கள்ளுக்கடை. போகும்போது நெற்றியில் இருக்கும் பக்தி, திரும்பும்போது காலில் தெரியும். நடுவாரத்துக்கு, சாராயம் கலந்த மருந்துக்கடை இஞ்சி டிங்சர் இருக்கவே இருந்தது. மனைவி குழல்வாய்மொழியைத் தவிர இது ஒருவருக்கும் தெரியாது என்று அவர் நம்பியதுதான் வேடிக்கை. சாக்கடையோரத்திலிருந்து அவரை இரண்டு முறை தூக்கிவந்து படுக்கப் போட்டவர்களே தெருக்காரர்கள்தான்.

தை மாதத்தில் ஒருநாள் டிங்சர் போதையில் ஒரு கிரயப் பத்திரம் எழுதினார். பதிவாளர் முன்னால் அதைப் படித்தபோது, வயல் வாங்க வந்தவன் தனக்கில்லாத வயலை அதன் சொந்தக்காரனுக்கே விற்றுக்கொண்டிருந்தான். ஆபீசே சிரித்தது. பதிவாளர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்த வராந்தாவில் உட்கார வேண்டாம் என்றார்.

சிவசைலம் அன்றைக்கே குடியை விட்டார். மூன்று நாள் விட்டார். மறுபடி விட்டார், அது ஐந்து நாள் தாங்கியது. பிறகுதான் கடையநல்லூர் நூல்கடை வல்லிநாயகத்தின் நினைப்பு வந்தது. பழைய ரயில் கூட்டாளி; ஒரு வருஷமாக ஆளைக் காணோம். ஈரல் கெட்டுச் செத்துப்போனான் என்று ரயில் பெட்டியில் பேசிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால், செத்தவர் கன்னம் பூரித்துக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

வல்லிநாயகம் விஷயத்தைச் சொன்னார்: குற்றாலத்தில் சீசனில் மட்டும் வாடகைக்கு விடும் வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு அதன் பின்கட்டில் ஒன்பது பேர் கூடுகிறோம். எல்லாரும் நம்மைப் போலக் குடியை விட வந்தவர்கள்தான். பம்பாயில் இப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பிழைத்த ரயில்வே கார்டு ஒருவர் தொடங்கி வைத்தாராம். பிரசங்கம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. அவரவர் கதையை அவரவர் சொல்வது, மற்றவர்கள் கேட்பது. அவ்வளவுதான்.

முதல் சனிக்கிழமை சிவசைலம் அந்த வாசலை மூன்று முறை கடந்துபோய்விட்டு பஸ் ஏறினார். உள்ளே போலீஸ் இருந்தால்? குடித்தேன் என்று வாயால் சொல்வதே குற்றமல்லவா? இரண்டாவது வாரம் உள்ளே போய் உட்கார்ந்தார். சுக்குக்காப்பி கொடுத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஆனால் கூட்டத்தில் வாயையும் திறக்கவில்லை. வீட்டிலோ, எண்ணெய்க் குளியல் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவைத்தார்.

ஐந்தாவது வாரம் ஆவுடைத்தாய் கணக்கைத் தீர்த்துவிட்டாள். எண்ணெயோடு போகிறார், தலை காய்ந்து வருகிறார், வாடையும் இல்லை. அப்படியானால் பொம்பளைதான். தெருக்குழாயடியில் அது குழல்வாய்மொழியின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆறாவது சனிக்கிழமை அவர் புறப்படும்போது அவள் டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றாள். சிவகிரியில் அவளுடைய அண்ணன் வீடு.

"குடிச்சிட்டு வந்திய, பொறுத்தேன். இதைப் பொறுக்க மாட்டேன்," என்றாள்.

தெருவில் நாலு வாசலில் ஆள் நின்றது. பொம்பளையென்றே இருந்துவிட்டுப் போகட்டும், மானமாவது மிஞ்சும் என்று சிவசைலம் ஒரு கணம் நினைத்தார். பிறகு பெட்டியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார்.

"குற்றாலத்துல எனக்குப் பொம்பள கெடையாது. ஒம்பது குடிகாரங்க இருக்காங்க. நான் பத்தாவது. குடிய விடத்தான் அங்கன போயி உக்காருதேன்."

"இத ஒளிப்பானேன்?"

"நான் குடிக்கது ஊருக்குத் தெரிஞ்சிருமேன்னு…"

"நீங்க குடிக்கது இந்தத் தெரு நாய்க்கும் தெரியும்."

அவள் நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே குற்றாலம் பஸ்ஸில் ஏறினாள். கண்ணால் பார்த்தபிறகு சிவகிரியா வீடா என்று முடிவு செய்வாளாம். பின்கட்டு ஜன்னலுக்கு வெளியே பெட்டியைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

அன்றைக்குத்தான் சிவசைலம் வாயைத் திறந்தார். பேரைச் சொன்னார். டிங்சரைச் சொன்னார், சாஸ்தாவின் பேரில் சொன்ன பொய்யைச் சொன்னார், வயல் பத்திரத்தைச் சொன்னார். ஒன்பது பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பதிவாளர் ஆபீசில் கேட்ட சிரிப்பல்ல இது. தங்கள் கதையையே கேட்டுச் சிரிப்பவர்களின் சிரிப்பு. இருபத்தெட்டு நாளாகத் தொடவில்லை என்று அவர் முடித்தபோது, ஜன்னலுக்கு வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இருட்டுமுன் இரண்டு பேரும் பெட்டியோடு தெருவுக்குத் திரும்பினார்கள். ஆவுடைத்தாய் காத்திருந்தாள். தெருக்கோடிவரை கேட்கும் அவள் குரல் அன்றைக்கு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

"அண்ணாச்சி, குத்துக்கல்வலசையில எம் மருமவன் இருக்காம்லா… அவனும் அங்கன வரலாமா? ஆருக்கும் தெரியாம?"

சிவசைலம் குரலைத் தாழ்த்தவில்லை.

"தாராளமா வரலாம். ஆனா ஒண்ணு, மயினி. குடிச்சுட்டு விழுததுக்குத்தான் வெக்கப்படணும். எந்திரிக்க நாலு பேரு கையப் பிடிக்கதுல ஒரு வெக்கமும் இல்ல. ஒத்தையில விட்டுப் பாத்தேன், அஞ்சு நாள் தாண்டல. அவங்ககூட உக்காந்துதான் விட முடிஞ்சுது. அடுத்த சனிக்கிழம மூணு மணிக்கு இங்கன வரச் சொல்லுங்க. ரெண்டு பேருமாப் போறோம்."